ஜப்பானியர்களோடு கரோக்கே: எந்த ஆங்கிலப் பாட்டைப் பாடலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்கோ படிப்புக்கோ ஜப்பானுக்குப் போனால், கூட வேலை பார்ப்பவர்கள் ஒருநாள் உங்களைக் கரோக்கே அறைக்கு அழைத்துப் போவார்கள். பெரும்பாலும் இரவு விருந்து முடிந்த பிறகு, 'நிஜிகாய்' என்று அவர்கள் சொல்லும் இரண்டாவது சுற்றில்தான் இது நடக்கும். நமக்கு ஜப்பானியப் பாட்டு தெரியாது, அவர்களுக்குத் தமிழ்ப் பாட்டு தெரியாது. மிச்சம் இருப்பது ஆங்கிலம். புதிதாக வந்தவர்கள் இது பற்றி என்னிடம் கேட்கிற கேள்விகளும் நான் சொல்கிற பதில்களும் இவை.

ஜப்பானியர் நடுவே ஆங்கிலத்தில் பாடினால் ஒட்டாமல் போகுமா?

போகாது. வெளிநாட்டுப் பாட்டுகளை அவர்கள் 'யோகாகு' என்பார்கள். கரோக்கே மெஷினில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு. ஜப்பானியர்களே அதிலிருந்து எடுத்துப் பாடுவார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த நீங்கள் ஆங்கிலத்தில் பாடுவீர்கள் என்றுதான் எதிர்பார்ப்பார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். அந்த அறையில் இருப்பவர்களுக்கு உங்கள் பாட்டு தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் எவ்வளவு நன்றாகப் பாடினாலும், கேட்டிராத பாட்டு என்றால் மரியாதைக்குக் கை தட்டிவிட்டு அடுத்த பாட்டைத் தேடப் போய்விடுவார்கள். தெரிந்த பாட்டு என்றால் நீங்கள் சுமாராகப் பாடினாலும் பல்லவி வரும்போது எல்லோரும் சேர்ந்துகொள்வார்கள். அதுதான் கரோக்கேயின் சந்தோஷம். இந்தப் பக்கம் முழுக்க அதற்காகத்தான்.

அவர்களுக்கு எந்தப் பாட்டு தெரியும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவில் ஹிட்டானது எல்லாம் ஜப்பானில் ஹிட் ஆகிவிடாது. அமெரிக்காவில் மறந்துபோன பாட்டு அங்கே இன்றைக்கும் உயிரோடு இருக்கும். ஆங்கிலப் பாட்டுகள் ஜப்பானியர் காதுக்குள் போன வழி வேறு. டிவி நாடகம், விளம்பரம், ஜப்பானிய மொழியில் மறுபடி பாடப்பட்ட வடிவம், பள்ளிக்கூடத்து ஆங்கில வகுப்பு, இந்த நான்கும்தான் பெரும்பாலும்.

கார்ப்பென்டர்ஸ் குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பாடகி கேரன் கார்ப்பென்டர் 1983-லேயே இறந்துவிட்டார். பன்னிரண்டு வருடம் கழித்து, 1995-இல், டிபிஎஸ் டிவியின் 'மிசெய்னென்' என்ற நாடகம் அவர்களுடைய 'டாப் ஆஃப் தி வேர்ல்ட்', 'ஐ நீட் டு பி இன் லவ்' பாட்டுகளைப் பயன்படுத்தியது. அந்த நாடகத்தைப் பார்த்த பள்ளிப் பிள்ளைகள் கடைக்குப் போய் கார்ப்பென்டர்ஸ் தொகுப்பு வாங்கினார்கள். அது லட்சக்கணக்கில் விற்றது. இந்தக் குழுவின் உச்சரிப்பு தெளிவு, வேகம் மிதம், அதனால் ஆங்கில வகுப்பிலும் ஆசிரியர்கள் போட்டுக் காட்டுவார்கள். ஆக, ஐம்பது வயதுக்காரரும் அறிவார், அவர் பிள்ளையும் அறிவாள். 'டாப் ஆஃப் தி வேர்ல்ட்', 'யெஸ்டர்டே ஒன்ஸ் மோர்' இரண்டும் எந்த அறையிலும் எடுபடும். கேரனின் குரல் கீழ் ஸ்தாயியில் நிற்பதால் ஆண்களுக்கும் சிரமம் இல்லை.

நாடகத்தால் நிலைத்த வேறு பாட்டுகளும் உண்டு. மரியா கேரியின் 'ஆல் ஐ வான்ட் ஃபார் கிறிஸ்மஸ் இஸ் யூ' 1994-இல் ஃபுஜி டிவி நாடகம் ஒன்றுக்குத் தலைப்புப் பாட்டாக இருந்தது. செலின் டியோனின் 'டு லவ் யூ மோர்' அடுத்த வருடம் 'கோய்பிதோ யோ' நாடகத்துக்கு. இரண்டாவது, வெளிநாட்டுப் பாட்டாக இருந்தும் ஜப்பானிய விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கே போனது. ஆனால் அதைப் பாட அசாத்தியமான குரல் வேண்டும். உங்களுக்கு இருந்தால் தாராளமாகப் பாடுங்கள், அறையே அசந்துவிடும்.

ஒரே ஒரு பாட்டுதான் தயார் செய்ய முடியும். எதைச் செய்வது?

யோசிக்கவே வேண்டாம். 'டேக் மீ ஹோம், கன்ட்ரி ரோட்ஸ்'.

ஜான் டென்வர் 1971-இல் பாடியது. எழுபதுகளில் ஒலிவியா நியூட்டன்-ஜான் பாடிய வடிவம் ஜப்பானில் நன்றாக ஓடியது. அப்புறம் 1995-இல் கிப்லி அனிமேஷன் ஸ்டுடியோவின் 'மிமி ஓ சுமாசேபா' படம் வந்தது. அதில் நடுநிலைப் பள்ளி மாணவி ஒருத்தி இந்தப் பாட்டுக்கு ஜப்பானிய வரிகள் எழுத முயல்கிறாள், கதையே அதைச் சுற்றித்தான் நகர்கிறது. கிப்லி படங்களை டிவியில் திரும்பத் திரும்பப் போடுவதால், இந்தப் பாட்டு தெரியாத ஜப்பானியரைப் பார்ப்பது கஷ்டம்.

நீங்கள் ஆங்கிலத்தில் தொடங்குங்கள். பல்லவி வந்ததும் யாராவது ஒருவர் ஜப்பானிய வரிகளைப் பாட ஆரம்பிப்பார். இரண்டும் ஒரே மெட்டில் ஓடும். ஆங்கிலத்தில் ஊருக்குக் கூட்டிப் போ என்று கெஞ்சுகிறவர், ஜப்பானிய வரிகளில் இனி ஊர் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தவராக இருக்கிறார். பாடி முடித்ததும் இதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நல்ல பேச்சு கிடைக்கும். ஊரை விட்டு வந்தவர்கள் அந்த மேஜையில் நீங்கள் மட்டும் இருக்க மாட்டீர்கள்.

எல்லோரும் எழுந்து ஆடுகிற மாதிரி ஏதாவது உண்டா?

இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. ஜப்பானிய நட்சத்திரங்கள் மறுபடி பாடிய மேற்கத்திய பாட்டுகளைத் தேடிப் போங்கள். இந்தி மெட்டைத் தமிழ்ப் படத்தில் கேட்டு வளர்ந்தவருக்கு மூலப் பாட்டைக் கேட்டதும் காது துள்ளுமே, அதே துள்ளல்தான் இதிலும்.

முதலில் வில்லேஜ் பீப்பிளின் 'ஒய்எம்சிஏ'. ஹிதேகி சைஜோ என்ற பாடகர் 1979-இல் இதை 'யங் மேன்' என்ற பெயரில் ஜப்பானிய மொழியில் பாடினார். 'தி பெஸ்ட் டென்' என்ற டிவி நிகழ்ச்சியில் இந்தப் பாட்டு 9999 மதிப்பெண் வாங்கியது. அதற்கு மேல் கொடுக்க இடமில்லை. கைகளால் நான்கு எழுத்தும் போட்டுக் காட்டுவதை ஜப்பானியர் சிறுவயதிலேயே கற்றுவிடுகிறார்கள். 2018-இல் சைஜோ இறந்தபோது நாடே வருந்தியது. நீங்கள் ஆங்கிலத்தில் பாடினாலும் பல்லவியில் எல்லாக் கைகளும் மேலே போகும். கூச்ச சுபாவம் உள்ள பிரிவுத் தலைவர்கூடப் போடுவார்.

அடுத்தது ரிக்கி மார்ட்டினின் 'லிவிங் லா விடா லோகா'. ஹிரோமி கோ 1999-இல் 'கோல்ட்ஃபிங்கர் 99' என்று பாடினார். பல்லவியில் 'ஆ ச்சி ச்சி ஆ ச்சி' என்று ஒரு கூவல் வரும், சூடு பட்டால் ஜப்பானியர் கத்துகிற சத்தம் அது. நீங்கள் மூல வரியைப் பாடுங்கள், எதிரில் இருப்பவர்கள் கூவலைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஆஞ்சி கோல்டின் 'ஈட் யூ அப்' ஆங்கில உலகத்தில் பெரிதாகப் பேசப்படாத பாட்டு. ஜப்பானிலோ யோகோ ஓகினோமே 1985-இல் 'டான்ஸிங் ஹீரோ' என்று பாடி நாடு முழுக்கப் பரவியது. ஒசாகாவில் உள்ள தோமியோகா உயர்நிலைப் பள்ளியின் நடனக் குழு 2017-இல் எண்பதுகளின் பெரிய தோள்பட்டை உடையில் இதற்கு ஆட, இளைஞர்களுக்கும் மறுபடி தெரிய வந்தது. கிஃபு, ஐச்சி பக்கம் கோடை விழாவில் வட்டமாக நின்று ஆடும் 'போன் ஓதோரி' நடனத்துக்கே இந்த மெட்டைப் போடுகிறார்கள். அந்தப் பகுதிக்காரர் யாராவது அறையில் இருந்தால் கொண்டாட்டம்தான்.

போனி டைலரின் 'ஹோல்டிங் அவுட் ஃபார் எ ஹீரோ' எண்பதுகளில் டிவி பார்த்தவர்களுக்கு. 1984-இல் வந்த 'ஸ்கூல் வார்ஸ்' என்ற ரக்பி நாடகத்தில் மிகி அசகுரா இதை ஜப்பானிய மொழியில் பாடினார். முதல் பியானோ ஒலியிலேயே ஒரு தலைமுறை நிமிர்ந்து உட்காரும்.

ஆங்கில வடிவத்திலேயே ஆட வைக்கிற பாட்டுகள் என்றால் எர்த், விண்ட் அண்ட் ஃபயரின் 'செப்டம்பர்', பாய்ஸ் டவுன் கேங் பாடிய 'கான்ட் டேக் மை ஐஸ் ஆஃப் யூ'. இரண்டாவதின் மூலம் ஃப்ராங்கி வாலி 1967-இல் பாடியது. ஆனால் ஜப்பானியர் காதில் இருப்பது 1982-இன் டிஸ்கோ வடிவம், அதையே தேர்ந்தெடுங்கள். நடுவில் வரும் எக்காள இசையையும் அறையே வாயால் பாடும்.

வயதைப் பார்த்துப் பாட்டை மாற்ற வேண்டுமா?

ஆமாம், கட்டாயம். அறையில் நுழைந்ததும் ஒரு பார்வை பாருங்கள்.

அறுபதைத் தாண்டியவர்கள் இருந்தால் கோனி ஃபிரான்சிஸின் 'வெக்கேஷன்' நல்ல தேர்வு. மியேகோ ஹிரோதா 1962-இல் இதை ஜப்பானில் பாடிப் புகழ்பெற்றார். எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லும் இடத்தில் சேர்ந்து சொல்வார்கள். பீட்டில்ஸ் 1966-இல் டோக்கியோவின் புடோக்கான் அரங்கில் பாடியதை நினைவு வைத்திருப்பவர்களும் அவர்களில் இருக்கலாம், அதனால் பீட்டில்ஸ் பாட்டு எதுவும் சரி.

நாற்பது, ஐம்பது வயதினருக்கு மேலே சொன்ன ஆட்டப் பாட்டுகளும் கார்ப்பென்டர்ஸும் போதும்.

இருபது, முப்பது வயதினருக்கு 'லெட் இட் கோ'. 2014-இல் 'ஃப்ரோசன்' ஜப்பானில் அடித்த புயல் சாதாரணமானது அல்ல. அவர்கள் ஜப்பானிய வடிவத்தைத்தான் மனப்பாடமாக அறிவார்கள், நீங்கள் ஆங்கிலத்தில் பாடப் பாட அவர்கள் தங்கள் மொழியில் சேருவார்கள். டெய்லர் ஸ்விஃப்டின் 'வி ஆர் நெவர் எவர் கெட்டிங் பேக் டுகெதர்' இன்னொன்று. 'டெரஸ் ஹவுஸ்' என்ற டிவி நிகழ்ச்சி 2012-இல் தொடங்கியபோது இதுதான் அதன் தலைப்புப் பாட்டு. அவ்ரில் லவீனும் அந்த வயதினரிடம் செல்லுபடியாவார்.

குவீன் பாட்டுகள்?

ஜப்பானியருக்குக் குவீன் மேல் இருக்கும் பாசம் தனி. எழுபதுகளின் நடுவிலேயே அந்தக் குழுவை விழுந்து விழுந்து வரவேற்ற நாடு. பதிலுக்கு அவர்களும் 1976 ஆல்பத்தில் 'தெயோ தோரியாத்தே' என்ற பாட்டில் பல்லவியின் ஒரு பகுதியை ஜப்பானிய மொழியிலேயே பாடினார்கள். ரசிகர் யாராவது அறையில் இருக்கிறார் என்று உறுதியாகத் தெரிந்தால் இதைப் பாடுங்கள், அவர் கண் கலங்கிவிடலாம்.

பொதுவான கூட்டத்துக்கு 'ஐ வாஸ் பார்ன் டு லவ் யூ'. 2004-இல் தகுயா கிமுரா ஐஸ் ஹாக்கி வீரராக நடித்த 'பிரைட்' நாடகத்தின் பாட்டு அது. 'வி வில் ராக் யூ' என்றால் கால் தட்டலும் கைதட்டலுமே பாதிப் பாட்டு, பாடத் தெரியாதவரும் பங்கெடுக்கலாம். 'போஹிமியன் ராப்சடி' 2018 படத்துக்குப் பிறகு எல்லோருக்கும் தெரியும், ஆனால் ஆறு நிமிடம். நடுவில் வரும் ஓபரா பகுதியைப் பிரித்துப் பாட நான்கு பேர் தயார் என்றால் மட்டும் போடுங்கள்.

எந்த மாதிரிப் பாட்டைத் தவிர்க்க வேண்டும்?

நீண்ட இசைப் பகுதி உள்ளவை. 'ஹோட்டல் கலிஃபோர்னியா' அருமையான பாட்டு, கடைசியில் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் கிட்டார் மட்டும். அந்த நேரம் நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். போட்டுவிட்டீர்கள் என்றால், பாட்டு முடிந்ததும் ரிமோட்டில் நிறுத்தும் பொத்தானை அழுத்துங்கள். அது அங்கே சகஜம்.

வேகமான ராப் வேண்டாம், யாரும் சேர முடியாது. கெட்ட வார்த்தை வரும் பாட்டும் வேண்டாம். புரியாது என்று நினைக்காதீர்கள், அந்த வார்த்தைகள் எல்லோருக்கும் புரியும். ஆரம்பத்திலேயே சோகப் பாட்டைப் போட்டு அறையை இறக்கிவிடாதீர்கள்.

இன்னொன்று, ஒருவருக்கு 'இது என் பாட்டு' என்று ஒன்று இருக்கும். அதை 'ஒஹாகோ' என்பார்கள். மேலதிகாரியின் ஒஹாகோ 'மை வே' என்று தெரிந்தால் அதை அவருக்கே விட்டுவிடுங்கள்.

ஆங்கில உச்சரிப்பை அவர்களுக்காக மாற்ற வேண்டுமா?

வேண்டாம், உங்கள் இயல்பில் பாடுங்கள். திரையில் ஆங்கில வரிக்கு மேலேயே கதகானா என்ற ஜப்பானிய எழுத்தில் உச்சரிப்பு ஓடும், அதைப் பார்த்து அவர்கள் பாடுவார்கள். ஒரு மைக்கை எதிரே நீட்டுங்கள். அவர்கள் உச்சரிப்பை மட்டும் திருத்தாதீர்கள். ஆங்கிலம் பேசக் கூச்சப்படும் ஒருவர் பாட்டில் வாய் திறப்பதே பெரிய விஷயம்.

மெஷினில் பாட்டை எப்படித் தேடுவது?

பெரும்பாலான கடைகளில் டாம் அல்லது ஜாய்சவுண்ட் மெஷின் இருக்கும். தொடுதிரை ரிமோட்டை முதலதில் டென்மொகு என்றும் இரண்டாவதில் கியோகுநாவி என்றும் சொல்வார்கள். இரண்டிலும் ஆங்கில மெனுவுக்கு மாற்றலாம், ஆங்கில எழுத்தில் தட்டியும் தேடலாம்.

கவனிக்க வேண்டியது ஒன்று. 'ஒய்எம்சிஏ' என்று தேடினால் வில்லேஜ் பீப்பிளும் வரும், சைஜோவும் வரும். சைஜோவைத் தொட்டுவிட்டால் திரையில் ஜப்பானிய எழுத்துதான் ஓடும். பாடகர் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சுருதி எட்டவில்லை என்றால் ரிமோட்டிலேயே ஏற்றலாம், இறக்கலாம். வீட்டில் முன்கூட்டியே பாடிப் பார்த்து உங்களுக்கு எத்தனை படி இறக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருங்கள்.

எனக்குப் பாடவே வராது. என்ன செய்வது?

கரோக்கே பிறந்த கதையைக் கேளுங்கள். கோபேயில் மதுக்கடைகளில் வாத்தியம் வாசித்துவந்த தைசுகே இனோவே என்பவர், தாளம் பிடிக்கத் தெரியாத ஒரு கம்பெனி முதலாளிக்கு அவர் போக்குக்கே வாசித்துக் கொடுப்பார். வெந்நீர் ஊற்றுச் சுற்றுலாவுக்கு வந்து வாசிக்கும்படி அவர் கூப்பிட்டபோது இனோவே போக முடியவில்லை, பதிலாக டேப்பில் பதிவு செய்து கொடுத்தார். அதிலிருந்துதான் 1971-இல் அவருடைய மெஷின் வந்தது. ஷிகேஇச்சி நெகிஷி என்பவர் 1967-இலேயே இப்படி ஒன்று செய்தார் என்பதும் உண்மை. எப்படியோ, இனோவேயின் மெஷினுக்குக் காரணம் பாட வராத ஒருவர்தான்.

மெஷின் மதிப்பெண் போடும் வசதியை நீங்களாகப் போடாதீர்கள். 'பிபிஏபி' என்ற பாட்டு இருக்கிறது, பிகோ தாரோ 2016-இல் பாடி உலகையே ஆட வைத்தது. 45 நொடிதான், 2016-இல் அமெரிக்க ஹாட் 100 பட்டியலில் நுழைந்தபோது அதுவரை நுழைந்தவற்றில் மிகச் சிறிய பாட்டாக இருந்தது. ஆங்கிலச் சொற்கள்தான், குரல் தேவையில்லை, கை அசைவு போதும். அதுவும் முடியாவிட்டால் அறையில் டாம்பரின் என்ற சிறு கைத்தாளக் கருவி வைத்திருப்பார்கள். தாளம் தவறாமல் அதை அடிப்பவரை அடுத்த முறையும் கூப்பிடுவார்கள்.

முறை, மரியாதை ஏதாவது?

ஒரு சமயத்தில் ஒரு பாட்டை மட்டும் மெஷினில் வரிசைக்குப் போடுங்கள், சுற்று வந்த பிறகு அடுத்தது. மற்றவர் பாடும்போது போனைப் பார்க்காதீர்கள். முடிந்ததும் கை தட்டுங்கள். நேரம் முடியப் பத்து நிமிடம் முன்பு வரவேற்பிலிருந்து அறைத் தொலைபேசி ஒலிக்கும். அப்போது மூன்று நிமிடத்தில் முடிகிற, எல்லோரும் பாடக்கூடிய ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மங்கீஸ் குழுவின் 'டேட்ரீம் பிலீவர்' பொருத்தம். கியோஷிரோ இமாவானோவின் டைமர்ஸ் குழு 1989-இல் பாடிய ஜப்பானிய வடிவம் செவன்-இலெவன் கடை விளம்பரத்தில் வந்து எல்லோருக்கும் பழக்கம்.

'சுகியாகி' பாட்டை ஆங்கிலத்தில் பாடலாமா?

அதன் உண்மையான பெயர் 'உவே ஓ முயிதே அருகோ'. கியூ சகமோதோ 1961-இல் பாடியது, 1963-இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. எ டேஸ்ட் ஆஃப் ஹனி குழு 1981-இல் பாடிய ஆங்கில வடிவம் உண்டு, அதன் வரிகள் மூலத்தோடு ஒட்டாத தனிக் காதல் கதை. நான் சொல்வது, இந்த ஒரு பாட்டையாவது ஜப்பானிய மொழியிலேயே கற்றுக்கொள்ளுங்கள். மெதுவான வரிகள், நடுவில் சீழ்க்கை வரும் இடம் சுலபம். சகமோதோ 1985 ஆகஸ்ட் 12 அன்று ஜப்பான் ஏர்லைன்ஸ் விமான விபத்தில் இறந்த 520 பேரில் ஒருவர். பெரியவர்களுக்கு இந்தப் பாட்டோடு அந்த நினைவும் வரும், விளையாட்டாகப் பாட வேண்டாம்.

தமிழ்ப் பாட்டு பாடச் சொன்னால்?

பாடுங்கள். ரஜினியின் 'முத்து' 1998-இல் டோக்கியோவில் மாதக்கணக்கில் ஓடியது, 'ஆடும் மகாராஜா' என்று அதற்குத் தலைப்பு வைத்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய சினிமா ரசிகர்களில் அதைப் பார்த்தவர் யாராவது இருப்பார். மெஷினில் தேடிக்கொண்டு நேரத்தை வீணாக்காமல், டாம்பரினை யாரிடமாவது கொடுத்து, இசையில்லாமல் பல்லவியும் ஒரு சரணமும் பாடிவிட்டு மைக்கை அடுத்தவரிடம் கொடுங்கள்.